குரல் சேர்க்காத படம்

என் மைதிலி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பாலிகஞ்ச் வீட்டைக் காலி செய்து, உன் படச்சுருள்களையெல்லாம் பவானிபூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் நீ தோளில் கேமராவோடு கிளம்பியபோது, ஆவணப்படம் என்றால் ஒரு கனத்த குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கும். நீ அந்தக் குரலை எடுத்துவிட்டாய். யாரையும் நடிக்கச் சொல்லவில்லை, கேள்வி கேட்கவில்லை. மருத்துவமனை, டிராம் பணிமனை என்று வாரக்கணக்கில் போய் நின்றாய். படம் பேசவே மாட்டேன் என்கிறதே என்று குறை சொன்னார்கள். இன்று மாணவர்கள் உன்னை முன்னோடி என்கிறார்கள்.

அப்புறம் நான் வேலை பார்த்த அலிப்பூர் ரேஷன் அலுவலகத்துக்குப் படமெடுக்க வந்தாய். மூன்றாம் நாளே நான் கேமராவை மறந்துவிட்டேன். கணவனை இழந்த ஒரு வங்காளி அம்மாள், ரேஷன் கார்டிலிருந்து இறந்தவர் பெயரை எடுக்க வந்தாள். தலையைக்கூட நிமிர்த்தாமல் "கால் ஆஷ்பேன்" என்றேன். நாளைக்கு வாருங்கள். படம் ஓடியபோது அந்த இடத்தில் அரங்கம் சிரித்தது.

"அந்த இடத்தை வெட்டிடு அக்கா."

"ஏன், நீ அப்படிச் சொல்லலையா?"

"சொன்னேன். காலையிலேர்ந்து எத்தனை பேர் வந்தா தெரியுமா? அதையும் சொல்லேன்!"

"எல்லாரும் படத்துல நிக்கறாளே. பாக்கறவா பாத்துக்கட்டும்."

அதன்பின் உன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, "ஆபீஸ் எப்படிடா இருக்கு?" என்றாய். "அப்படியேதான்" என்றேன். சிரித்தாய்.

போன வாரம் தொலைக்காட்சியிலிருந்து ஒருவர் வந்தார். அந்த ரேஷன் அலுவலகப் படத்தை ஒளிபரப்ப, உன் வாரிசு என்று என் கையெழுத்து வேண்டுமாம். பின்னணியில் ஒரு குரல் சேர்த்து, அந்த அதிகாரிக்கு வேலை அதிகம் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் நியாயமாக இருக்கும் என்றார். என் தலை நரைத்துவிட்டது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் உடனே மறுக்கவில்லை. அந்த ஒரு வரியைத்தானே உன்னிடம் கேட்டேன்? படத்தை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போட்டுக் காட்டினார்கள். நான் பேசி முடித்த பிறகும் உன் கேமரா அந்த அம்மாளோடு போகிறது. கார்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்கிறாள். படியிறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறாள். இதை நான் கவனித்ததே இல்லை. இத்தனை வருடமும் அந்தப் படத்தில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுநாள் வந்தாளா? நினைவில்லை, அக்கா.

குரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்படின்னா அந்த அதிகாரி..." என்று அவர் இழுத்தார்.

"நான்தான்" என்றேன்.

படம் நீ முடித்தபடியே போகும். நான் இருக்கும்வரை உன் படங்களின் மேல் யாரும் பேச மாட்டார்கள்.

உன் தம்பி,
ரகு