பையில் இருந்த இன்னொரு பிலிம்

பிப்ரவரி 9, ஞாயிறு

நெட்டுக்குப்பம் போனேன். அப்பாவின் கடைக்குக் கருவாடு போடும் குப்பம்மாக்காவும் அவர் வீட்டுக்காரர் ரகுபதி அண்ணனும் அப்போதுதான் கரையேறியிருந்தார்கள். "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரு போட்டோ புடி பாப்பா. கண்ணாலத்துல புட்சது வெள்ளத்துல பூட்ச்சு" என்றார் அக்கா.

சாயங்கால வெயில் அவர்களுக்கு நேர் பின்னால். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், தகதகக்கும் தண்ணீர். முன்னால் நிழல் விழுந்த இரண்டு முகங்கள்.

பையில் இரண்டு பிலிம் சுருள்கள்: நெகட்டிவ் ஒன்று, ஸ்லைடு ஒன்று. நெகட்டிவ் வானத்தையும் முகத்தையும் சேர்த்தே தாங்கும். நிழலுக்கு ஒளி அளந்து எடுத்தால் போதும், வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சினாலும் அச்சில் மீட்டுவிடலாம். ஸ்லைடில் ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும். தெரிந்தும் ஸ்லைடைத்தான் போட்டேன். அந்தச் செம்பு நிறம் மார்ச்சில் வரும் கண்காட்சிக்கு வேண்டியிருந்தது. வானத்துக்கு அளந்தேன்.

"நல்லா வந்துகீதா?"

"சூப்பரா வந்திருக்குக்கா."

கழுவாத பிலிமில் என்னத்தைப் பார்த்தேனாம்?

பிப்ரவரி 18, செவ்வாய்

லேபிலிருந்து வந்துவிட்டது. வானம் நெருப்பு. தண்ணீர் செம்பு. அவர்கள் இருவரும் கரி. ஸ்கேன் செய்து எவ்வளவு வெளிச்சம் ஏற்றியும் முகம் வரவில்லை.

மார்ச் 1, சனி

கண்காட்சிக்கு அந்தப் படமே தேர்வாகியிருக்கிறது. ஆளுயர அச்சு, முதல் சுவர். குப்பம்மாக்காவிடம் இன்னும் பேசவில்லை.

மார்ச் 15, சனி

ராயபுரத்தில் திறப்பு விழா. முகங்கள் ஏன் தெரியவில்லை என்று யாரோ கேட்டார்கள். மைக்கில் சொன்னேன்: "இவங்க முகமில்லாத மனுஷங்க. அதைத்தான் காட்ட நினைச்சேன்." கைதட்டினார்கள்.

திரும்பினால் குப்பம்மாக்கா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அண்ணன். அப்பா அழைத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

அண்ணன் படத்தின் கிட்டே போய்ப் பார்த்தார். "இதுல யாரு வேணா நின்னுகினு இருக்கலாம்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள்.

ஐயோ, என்ன சொல்லிட்டேன் நான்! முகத்த எடுத்தது நானு. எடுத்துட்டு, அவங்களுக்கு மொகமே இல்லன்னு மைக்கப் புடிச்சு சொல்றேன் — அவங்க நிக்கும்போதே.

மார்ச் 16, ஞாயிறு

"பைத்தியமா ஜெமிமா? எல்லாரும் அந்தப் படத்தைத்தான் பேசுறாங்க" என்றார் அமைப்பாளர் ஆன்றோ. படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். மனசு லேசாகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நெகட்டிவ் பிலிமோடு போனேன். அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "மூஞ்சி இல்லாதவங்கள இன்னாத்துக்கு புடிக்கிற?"

சொன்னேன். அன்றைக்கு இன்னொரு பிலிம் இருந்தது, அதில் எடுத்திருந்தால் முகம் வந்திருக்கும், எனக்கு வானம் வேண்டியிருந்தது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்கா."

கத்தி நின்றது. "போ" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அண்ணன் போன் செய்தார். "வா பாப்பா. அவதான் சொல்றா."

போனதும் அக்கா என்னைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போனார். "அதே எடந்தான். அதே வெயிலு. கம்பெனி பொகபோக்கியும் தெரியணும், நாங்களும் தெரியணும்."

அவர் கன்னத்து நிழலுக்கு அளந்தேன். அதற்கும் மேல் ஒரு படி வெளிச்சம் கூட்டினேன். சிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வானம் இந்த முறை வெளுத்த மஞ்சள்தான், ஆனால் புகைபோக்கிகள் தெரிகின்றன. அண்ணனின் மோவாயில் நரை முள் முள்ளாகத் தெரிகிறது. அக்கா லென்ஸை நேராகப் பார்க்கிறார். அந்தக் கோபம் கொஞ்சமும் குறையாமல் விழுந்திருக்கிறது. என் மேலான கோபம்.

வெகுநேரம் பார்த்தார். "ஆங். இது நானு." பிறகு, "அந்த நெகட்டிவையும் குட்த்துட்டு போ. இது எங்க வூட்டுக்கு" என்றார்.

கொடுத்தேன்.

எப்போது போனாலும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வது அக்காதான். இன்று அண்ணன்தான் சொன்னார். அக்கா தட்டை மட்டும் எடுத்து வைத்தார்.