மகனே, இப்போது வந்துவிடாதே

பள்ளிவாசல் எஸ்டேட்
12-8-1957

அன்பு மகன் சுருளிவேலுக்கு அப்பா எழுதுவது. எழுத்து ஏறியும் இறங்கியும் போவதைப் பார்த்துச் சிரிக்காதே, பொறுத்துக்கொள். யாரையும் எழுதச் சொல்லவில்லை, முழுக்க என் கை. சாயங்கால வகுப்பில் புஷ்பமேரி டீச்சர் என் பெயரை எழுத வைத்த அன்று வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ அடிபட்டுக் கிடக்கும்போது அங்கே சுகமா என்று எப்படிக் கேட்பேன்.

உன் கடிதத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மதராஸில் பந்தாட்டத்தில் இடுப்பு அடிபட விழுந்தாயாம், மில் டீம் டிரெயினர் உன்னைப் பலகையில் படுக்க வைத்து அசையக் கூடாது என்றாராம், அவருக்குத் தெரியாமல் ரயிலேறி வந்து பூமாரியிடம் மிதி வாங்கினால் கப்பு ஆட்டத்துக்குள் சரியாகிவிடும் என்கிறாய். கால் முதலில் வெளிவந்து காலால் பிறந்தவள் என்பதால் அவள் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம் லயத்து வீடுகளில் எல்லோரும் போவோம், நானும் போயிருக்கிறேன். ஆனால் போன மாதம் எஸ்டேட் பந்தாட்டத்தில் ரத்தினசாமி உன்னைப் போலவே விழுந்தான். எல்லோருமாகத் தூக்கி நிறுத்தி அவளிடம் நடத்திக் கொண்டுபோனார்கள். மிதித்ததும் ஐயோ என்றான், அதன் பிறகு காலில் உணர்ச்சியே இல்லை. முதுகெலும்பில் விரிசலாம், தூக்கியதே தப்பு, மிதித்தது அதைவிடத் தப்பு என்றார் டாக்டர். இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பூமாரி வெளியே தலைகாட்டுவதில்லை. டிரெயினர் என்றால் கணுக்காலில் துணி சுற்றிவிடுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். விழுந்தவனைத் தொடாதே என்று சொல்ல எங்கள் மைதானத்தில் அப்படி ஒருவர் இல்லாமல் போனாரே.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "வரச் சொல்லி எழுதுங்க. பூமாரி பயந்தா போறா, ஆனைக்கரையில காலால பொறந்த ஆளு ஒருத்தர் இருக்காராம்" என்கிறாள். ரத்தினசாமியைச் சொன்னால், "அவன் ஒடம்பு வேற, எம்புள்ள ஒடம்பு வேற" என்கிறாள். வராதே என்றுதான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "எழுதப் படிச்சது பெத்த புள்ளைய வராதன்னு எழுதவா?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிரெயினர் எழு என்னும்வரை எழாதே. கப்பு போனால் போகட்டும். நீ இதற்குள் ரயிலேறியிருப்பாயோ என்பதுதான் பெரிய பயம். மூணாறு பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுகிறேன். நீ இறங்கிவிடக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டு நிற்கிறேன். பெற்றவன் இப்படியும் வேண்டுவானா என்று தெரியவில்லை.

டிரெயினருக்கு என் வணக்கத்தைச் சொல். முருகன் உன் முதுகுக்குத் துணையிருப்பான். அடுத்த வாரமும் என் கையாலேயே எழுதுவேன். அங்கேயே இருந்து வாங்கிக்கொள்.

உன் அப்பா,
சங்கிலி