நாலாவது நம்பர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும், உன் கூட்டாளிப் பெண்ணும், உங்கள் அடுப்பும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

மருந்துக்கடையிலிருந்து அடிக்கடி போனில் பேசுகிறவள் திடீரென்று ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ முழிப்பது எனக்குத் தெரிகிறது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. நல்ல விஷயம்தான். கடையில் நின்று பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை யாராவது தலைவலி மாத்திரை கேட்டு வந்துவிடுகிறார்கள். இதை அப்படித் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசித் தாளில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கிறேன். அதைப் பிய்க்காமல் முதலில் இதைப் படி. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள் நீ. பெற்றவளுக்குத் தெரியாதா?

நீயும் அப்பாவும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ரொட்டிக்கடை வைக்கப்போகிறேன் என்று நீ அவரிடம் போனில் சொன்னாயே, அந்தச் சாயங்காலத்தோடு எல்லாம் நின்றது. எனக்கு இதுல துளிகூட இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டு டொக்குன்னு போனை வச்சுட்டாரும்மா என்று நீ என்னிடம் அழுதாய். அவரைக் கேட்டால் வாயில் கொழுக்கட்டை. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஒன்றரை வருஷத்தில் அவர் குடித்த தண்ணீருக்கு ஒரு குளம் வெட்டியிருக்கலாம். கடை திறந்த அன்று நானும் உன் தம்பியும் மட்டும் வந்து நின்றோம். உன் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் உன் தம்பியால் ஆரம்பித்தது. மாதம் பாதிகூட ஆகவில்லை, டேட்டா தீர்ந்துவிட்டது என்று புலம்பினான். பந்தாட்டம் பார்க்கிறவனுக்கு எவ்வளவு போட்டாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கம்பெனி மாறினா இதே காசுக்கு ரெண்டு மடங்கு கிடைக்கும்ப்பா என்று அப்பா காதில் போட்டுவிட்டான். அவரிடம் போய் அப்படிச் சொல்லலாமா? சரக்கோடு லாரி எவ்வளவு, காலி லாரி எவ்வளவு என்று எடைமேடையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, சோப்பு வாங்கினால்கூட உறையோடு எவ்வளவு, உறை இல்லாமல் எவ்வளவு என்றுதான் அந்த மனுஷனுக்குப் புத்தி போகிறது. தெரு முழுக்க அவரைத் தராசு என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இரண்டு வாரம் இறங்கவில்லை. ஊரில் இருக்கிற மூன்று போன் கம்பெனியின் நோட்டீசும் சாப்பாட்டு மேஜையில். ஒன்றில் குடைப் படம், ஒன்றில் மணிப் படம், ஒன்றில் படகுப் படம். நாங்கள் இவ்வளவு காலமாக வைத்திருக்கிற குடைக் கம்பெனி மேல்தான் முதல் கோபம். ரீசார்ஜ் செய்தால் இருபத்தெட்டு நாள்தான் வருகிறதாம். ஊருக்கெல்லாம் மாசம் முப்பது நாள், இவனுக்கு மட்டும் என்ன இருபத்தெட்டு, அப்ப வருஷத்துக்குப் பதிமூணு மாசமா, நம்மள என்ன கேனையன்னு நினைச்சானா என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கம்பெனியை நடத்துகிறவளே நான்தான் என்பது போல. அடுத்தது மணிக் கம்பெனி. அவர்கள் டேட்டாவை வாரி இறைக்கிறார்கள், ஆனால் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. மூன்றாவது படகுக் கம்பெனி. விலை கொஞ்சம் கூடுதல்.

நோட்டீசில் எல்லாரும்தான் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கும் என்று போடுகிறார்கள், நிறுத்துப் பார்த்தால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் மணிக் கம்பெனி போனையும், தெரிந்த லாரி டிரைவரிடம் படகுக் கம்பெனி போனையும் இரவல் வாங்கி வந்தார். எங்கள் குடைப் போனோடு சேர்த்து மூன்றையும் டீ கொண்டுவருகிற தட்டில் வரிசையாக வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு அறையாக நடந்தார். பின்னால் நான். ஒவ்வொரு போனாக எடுத்து, வாசலில் நிற்கிற உன் தம்பியிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். ஹலோ ஹலோன்னா போதாது, நீளமாப் பேசு, எங்க முறியுதுன்னு பாக்கணும் என்று உத்தரவு. நீளமாகப் பேச எனக்கு என்ன தெரியும்? கடையில் சொல்வதையே சொன்னேன். குளியலறையில் நின்று, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பின்னாடி, சிரப்பை நல்லாக் குலுக்கிட்டு ரெண்டு மூடி என்று நான் போட்ட சத்தத்தில் தையல்காரம்மா பதறி ஓடிவந்துவிட்டாள். வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டாள். அப்பா தட்டோடு திரும்பி, உங்க போனுக்குத்தாங்க உடம்பு சரியில்ல என்றார். நான் சிரித்த சிரிப்பில் உன் தம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை.

பின்னறையில் மட்டும் குடைப் போன் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் செத்துப் போனது. இரண்டு தடவை பார்த்தோம், இரண்டு தடவையும் நான் மூடிக் கணக்கு சொல்லி முடிப்பதற்குள் அறுந்தது. படகு மட்டும் அங்கேயும் தெளிவு. உனக்குத்தான் தெரியுமே, அப்பா சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போன் பேசுகிற அறை அது. இந்த ரூம் குடைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முடிவு சொல்கிற அன்று வீட்டில் பெரிய சண்டை. ஆளுக்கு ஒரு மணிக் கம்பெனி பிளான் போட்டால்தான் லாபம், வீட்டுக்குள் அழைப்பு எடுக்காவிட்டால் வாசலுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்பது உன் தம்பி கட்சி. அப்பாவோ படகுக் கம்பெனியின் குடும்பப் பிளான்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது நாலு நம்பருக்கான பிளான். டேட்டாவை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருப்பது மூன்று பேர்தானே, நாலாவது எதுக்குப்பா தண்டம் என்று அவன் கேட்டான். கேள்வி நியாயம்தான். வாங்கின தக்காளியில் ஒன்று அழுகியிருந்தால் திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வருகிறவர், ஆளில்லாத நம்பருக்குக் காசு கொடுக்கிறேன் என்கிறார்! தலைக்கு என்ன விழுகுதுன்னு வகுத்துப் பாருடா, நாலால வகுத்தா இதுதான் மலிவு என்றார். நாலால் வகுக்க நாலு பேர் வேண்டாமா என்று அவன் கேட்டதும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இந்த வீட்டில் எந்தப் பேச்சுக்கு அந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு படகுக் கம்பெனி கடைக்குக் கிளம்பினேன்.

கடையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். எந்த இடத்தில் சிக்னல் பார்க்க வேண்டும் சார் என்று கேட்டு, வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். அப்பா நம் ஊரைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை நேராக உன் ஊரில் வைத்தார். பெரிசு பண்ணும்மா என்றார். இன்னும் பெரிசு பண்ணச் சொன்னார். ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலூனைத் தாண்டி, இரண்டாவது சந்து வரை விரல் தானாகப் போகிறது. இங்க ஒரு ரொட்டிக்கடை இருக்கும், அதுக்குள்ள அடுப்புப் பக்கம் நின்னு பேசினா தெளிவாக் கேக்குமா என்று கேட்டார். நான் பக்கத்தில் தொங்கிய போன் உறைகளைப் புரட்டிக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு எந்த உறையும் தெரியவில்லை. உன் விலாசத்தை என்னிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லையடி. உன் தம்பி எடுத்த கடைப் படங்களை வைத்துத்தான் அந்தச் சந்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நன்றாகவே கேட்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு, பழைய கம்பெனியை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டாள். பின்னறையில் நின்றால் அறுந்துபோகிறது என்று நான்தான் சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். உங்க தெருவுல எல்லாருக்கும் அதே கதைதாங்கம்மா, பின்னாடி அந்த அடுக்குமாடி எழும்பினதுல இருந்து ரெண்டு வருஷமா இப்படித்தான், பேசுறவங்களுக்குத் தெரியவே தெரியாது, லைன் போனதுகூடத் தெரியாம பேசிக்கிட்டே இருப்பாங்க என்றாள்.

அப்பா கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். லைன் தானாப் போச்சா, அந்தப் பக்கம் வச்சுட்டாங்களான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது என்று கேட்டார். ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும், தெரியாது என்றாள் அவள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமிய பிறகுதான் அப்பா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னார். அந்தச் சாயங்காலம் உன்னிடம் அவர் சொன்னது ஒரு வரி இல்லையாம். எனக்கு இதுல துளிகூட இஷ்டம் இல்ல என்றது உண்மைதான். அதற்கு மேலேயும் சொல்லியிருக்கிறார். ஆனா நீ கை வச்ச எதுவும் இதுவரைக்கும் கெட்டுப்போனதில்ல, நீ யோசிக்காமச் செய்யற பொண்ணும் இல்ல, கடை திறக்கற அன்னிக்கு நான் முன்னாடி வந்து நிப்பேன், முதல் ரொட்டி எனக்குத்தான். இத்தனையும் சொல்லிவிட்டு, நீ பதில் சொல்வாய் என்று காத்திருந்திருக்கிறார். சத்தமே இல்லை. போனைப் பார்த்தால் லைன் இல்லை. முதல் வரியிலேயே மகள் போனை வைத்துவிட்டாள், மிச்சத்தைக் கேட்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை என்று நினைத்துக்கொண்டார். என்னிடம் அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். நீயோ, அப்பா வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாய். யாரும் வைக்கவில்லையடி! அவர் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, செத்துப்போன போனிடம் முழு ஆசீர்வாதத்தையும் சொல்லி முடித்திருக்கிறார்.

எனக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு பஸ் என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எதுக்கு இளிக்கிற என்று அப்பா சீறினார். ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டிருந்தா என்ன என்று கேட்டேன். அவ கூப்பிட்டிருக்கலாமில்ல என்றார். உன்னைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அச்சு அசல் அப்பனும் மகளும்! நிறுத்தம் வருவதற்குள் அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று, என் வயிறே குளிர்ந்துவிட்டது.

இப்போது சங்கதி என்னவென்றால், புது சிம் மூன்று போனிலும் போட்டாயிற்று. நாலாவதுதான் உனக்கு ஒட்டியிருக்கிற அட்டை. உன் போனில் போட்டால் போதும், மற்றதெல்லாம் அந்தப் பெண் செய்து கொடுத்துவிட்டாள். அந்த நம்பரை ரொட்டிக்கடை என்று அப்பா ஏற்கெனவே தன் போனில் பதிந்து வைத்திருக்கிறார். டேட்டாவில் பெரிய பங்கு உனக்கு, ரொட்டிப் படம் போடுகிறவளுக்குத்தான் தேவை என்று பிரித்துவிட்டதில் உன் தம்பி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறான். பழைய கம்பெனியிலேயே இருந்திருக்கலாம் என்கிறான். அப்பாவோ ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது என்னிடம் வந்து, அந்த நாலாவது நம்பர் சும்மா கிடக்குது, காசு வீணாகுது, எழுதிட்டியா இல்லையா என்று கேட்கிறார். காசு வீணாகிறதாம்! நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்துகிற மாதிரி போனார். ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது.

கண்ணு, அவராகக் கூப்பிட மாட்டார். அவர் பிறவி அப்படி. நீ கூப்பிடு. எடைமேடையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்காருகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. எடுத்த எடுப்பில் மன்னிப்பு, அழுகை எதுவும் வேண்டாம், அவர் தண்ணீர் குடிக்க ஓடிவிடுவார். கடை போனுக்கு எந்த பிளான் போட்டால் லாபம் என்று கேள். உன்னிடம் பதில் இருந்தாலும் கேள். இரண்டு வாரம் தட்டு ஏந்தி நடந்தவரிடம் சொல்ல ஆளில்லாமல் அத்தனையும் வயிற்றில் கிடக்கிறது. அவர் பேசட்டும். பேசி ஓயும்போது, முதல் ரொட்டி இன்னும் அவருக்குப் பாக்கி இருக்கிறது என்று நீயே சொல்லிவிடு. அடுத்த ரயிலுக்குப் பையைத் தூக்காவிட்டால் என்னை ஏன் என்று கேள்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரு நாள் நடுவில் அறுக்கத்தான் செய்யும். அறுந்தால் யார் வைத்தது என்று யோசித்துக்கொண்டு உட்காராதே, உடனே திரும்பக் கூப்பிடு. அவரிடமும் இதையே சொல்லி வைத்திருக்கிறேன். அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் பிஸி என்று வரும். மகளே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதை வைத்து அடுத்த சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள். லைன் பிஸி என்றால் அந்தப் பக்கம் அப்பா உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் கை மாவு என்றும் பொங்கி வரட்டும்.

உன் அம்மா