குதிகால் இல்லாத சாக்ஸ்

நைனார்பாளையம்
3-11-1989

அன்பு மகன் மாயவனுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், வெள்ளாடு இரண்டும் சுகம், செத்துப்போன உன் அப்பாவும் சுகம். இன்று காலை இரண்டு உருண்டை களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டு, உப்பு ஜாஸ்தி என்று குறையும் சொல்லிவிட்டுப் பின்னல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பூனாவில் உனக்குச் சோறும் தூக்கமும் சரியாகக் கிடைக்கிறதா என்று எழுது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று, இப்படி எழுதுகிறாளே என்று முழிக்காதே. தீபாவளிக்கு லீவில் வந்த உன் கூட்டாளி பாவாடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உன்னோடு ஒரே கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறவன், ஒரே அறையில் படுக்கிறவன், அவனுக்குத் தெரியாமல் நீ எதை ஒளிக்க முடியும். நான் கொடுத்த அதிரசத்தைத் தின்றுகொண்டே, "மாயவன் அங்க எல்லார்கிட்டயும் அவங்கப்பா செத்துட்டார்னு சொல்லிக்கினு இருக்கான் பெரிம்மா" என்றான். உன் அப்பா பத்தடி தள்ளி மிஷின் சுற்றிக்கொண்டிருந்தார், காதில் விழுந்துவிட்டது. கையை நிறுத்தவில்லை. எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று. பாவாடை எழுந்து போனபிறகுதான் தலையைத் தூக்கினார். "கருமாதிக்கு மொட்டையாவது போட்டானாமா, கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை, நீயே எழுது. படையலில் என்ன காய் வைத்தாய் என்பதையும் சேர்த்து எழுது, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

உனக்கு நான் கார்டில் இரண்டு இரண்டு வரியாக எழுதிக்கொண்டிருந்தது தப்பு. இந்த முறை கவர் வாங்கியிருக்கிறேன், நடந்ததை முழுக்க எழுதுகிறேன். இரண்டு வருடம் எட்டு மாதமாக லீவு கிடைக்காத பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும். கள்ளக்குறிச்சியில் கால் கை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் உதவி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, மூன்று சக்கர வண்டி கிடைக்கும் என்ற ஆசையில் உன் அப்பா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். பந்தலில் பேர் கூப்பிடக் கூப்பிட வண்டியெல்லாம் போயிற்று, தையல் மிஷினெல்லாம் போயிற்று, எங்கள் முறை வரும்போது மேஜைமேல் ஒரே ஒரு சாமான் மிச்சம் இருந்தது. இரும்பில் ஒரு வட்டம், அதைச் சுற்றி அறுபது கொக்கி ஊசி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. இன்னாங்க இது என்று கேட்டேன். சாக்ஸ் பின்னுகிற கைமிஷின் என்றார் அதிகாரி. அவர் கண் பட்டியலில் இருந்தது, காலில் இல்லை. "சார், இவருக்கு இருக்கறதே ஒரு காலு. எங்க ஊர்ல ரெண்டு காலு இருக்கறவனே செருப்பு போடறதில்ல, சாக்ஸ் யாருக்குங்க?" என்றேன். "பின்னி வித்துப் பொழைச்சிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். உன் அப்பாவுக்கு மாலை போட்டுப் போட்டோ பிடித்தார்கள். பிடித்து முடித்ததும் மாலையைக் கழற்றிக்கொண்டார்கள், அடுத்தவருக்கு வேண்டுமாம்.

தியாகதுருகத்தில் பதினைந்து நாள் பயிற்சி. பன்னிரண்டு பெண்கள், நடுவில் உன் அப்பா. கைப்பிடியைச் சுற்றினால் நூல் ஊசிகளில் மாட்டிக்கொண்டு அடியில் பை மாதிரி இறங்கும், அதை இழுத்துப் பிடிக்க ஒரு எடைக்கல் தொங்கும். பார்க்க அவ்வளவுதான். ஆனால் குதிகால் வருகிற இடத்தில் பாதி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, முழுச் சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், ஒவ்வொரு ஆட்டலுக்கும் எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை தப்பினால் நூல் கழன்று மொத்தமும் ஓட்டையாகிவிடும். உன் அப்பாவுக்குத் தப்பாத நாள் கிடையாது. அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்த நான் பொத்தாமலேயே சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் அதே கதைதான். மிஷின் ஓடும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. ஒருநாள் குழம்புக்குப் புளி எவ்வளவு போடட்டும் என்று கேட்டேன், முப்பத்தேழு என்றார். கொடுத்து அனுப்பிய வெள்ளை நூல் ஒரு மாதத்தில் தீர்ந்தது, அதற்குமேல் வரவில்லை. பிறகு சின்னசேலம் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டில் சேலை நெய்து மிச்சமான நூலை வாங்கிவந்து, மூன்று இழை சேர்த்து முறுக்கி ஓட்டினார். பச்சை தீர்ந்தால் மஞ்சள், மஞ்சள் தீர்ந்தால் கத்திரிப்பூ நிறம், எது கையில் அகப்பட்டதோ அது. சந்தைக்கு எடுத்துப் போனேன். ஒரே ஒருவர் வாங்கினார், அதுவும் மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் கொம்பில் மாட்ட. காளைக்குக் குதிகால் எதற்கு என்று அதை வெட்டித் தரச் சொன்னார். உன் அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கட்டைக்காலும் கிடைத்தது. வேறொரு முகாமில் அளவெடுத்துச் செய்து கொடுத்தார்கள். முட்டிக்குக் கீழே மிச்சமிருக்கிற மொட்டையில் முதலில் ஒரு கம்பளி உறையை மாட்டி, அதற்குமேல் கட்டைக்காலை மாட்ட வேண்டும். இரண்டு உறை கொடுத்தார்கள், இரண்டும் நாலு மாதத்தில் நைந்துவிட்டன. வேறு கேட்டால் எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார்கள். உறை இல்லாமல் மாட்டினால் தோல் உரிந்து ரத்தம் வரும். கட்டைக்காலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு மறுபடி ஊன்றுகோல்தான். பரணில் கிடந்ததைப் பல்லி பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குக் கீழேயே உட்கார்ந்து உன் அப்பா மாட்டுக் கொம்புக்கு உறை பின்னிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் கழித்து உறைத்தது தெரியுமா, ஐந்து மாதம். ஒருநாள் மிஷினையும் பரணையும் மாறி மாறிப் பார்த்தார், "ஏ புள்ள, அத எறக்கு" என்றார். அன்றைக்கே தனக்கு ஒன்று பின்னினார். நுனியைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து முடிச்சுப் போட்டார், அந்த முடிச்சு எலும்பில் குத்தி நாலு வீடு தாண்டுவதற்குள் ரத்தம். நான் திட்டினேன். மறுபடி யோசித்து, சாக்ஸின் விரல் பக்கத்துக்குச் செய்கிற, முன்னும் பின்னும் ஆட்டுகிற வேலையை நுனிக்குச் செய்து, தையலை எலும்பு படாத பக்கம் ஒதுக்கினார். மூன்றாவது உறை சரியாக உட்கார்ந்தது. டீக்கடை வரை நடந்து போய், டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பினார். நான் பின்னாலேயே போனேன் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்ததாகக் கேள். ஒடிந்த ஊசிக்கு மாற்று வாங்கக் கள்ளக்குறிச்சி போனோம். பஸ் ஸ்டாண்டில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிழிந்த லுங்கியை மொட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். வேடியப்பன் என்று பேர். விரியன் கடித்து, மலையிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் கால் அழுகிவிட்டதாம். அவருக்கு இடது கால், உன் அப்பாவுக்கு வலது கால். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கித் தன் கட்டைக்காலையும் கழற்றினார். நடு பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆண்கள் காலைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். தன் உறையை உருவி அவருக்கு மாட்டிவிட்டார். பச்சையும் மஞ்சளுமாகக் கிளி மாதிரி இருந்தது. மலைக்காரர் எழுந்து நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். உன் அப்பா கட்டைக்காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே எங்கள் பஸ் ஏறினார். கண்டக்டர், அதுக்கு லக்கேஜ் போடணுமா பெரியவரே என்று கேட்டான். தர்மப்பிரபு என்று வழி முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த வேடியப்பனும் அவர் மனைவி செங்கம்மாளும் ஒரு மூட்டை சாமையோடு நம் வீட்டைத் தேடி வந்து நின்றார்கள். இன்னும் இரண்டு வேண்டும் என்றார்கள். வெள்ளை நூல் கொஞ்சம் கிடைத்திருக்கிறது, அதில் பின்னட்டுமா என்று உன் அப்பா பெருமையாகக் கேட்டார். செங்கம்மாள் அவசரமாகக் கையை ஆட்டினாள். "வெள்ள வேணாங்க. ஆஸ்பத்திரியில ஆறு மாசம் வெள்ளத் துணியத்தான் சுத்திக்கினு கெடந்தாரு. செவப்பா போட்டுக் குடுங்க, பாத்தா ரத்தம்னு தோணாத செவப்பு" என்றாள். அது எந்தச் சிவப்பு என்று அவளும் உன் அப்பாவும் நூல் மூட்டையைக் கொட்டிப் பார்த்து, கடைசியில் மிளகாய்ப் பழ நிறத்தில் ஒன்றைப் பொறுக்கினார்கள். அதற்குப் பிறகு சொல்லி வைத்த மாதிரி ஆட்கள். கட்டைக்கால்காரர்களுக்குள் இப்படி ஒரு தபால் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. வடக்கனந்தலிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்து, எல்லா நிறத்திலும் ஒரு வரி வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டாள். உள்ளே மறைகிற துணிக்கு எதுக்குமா இத்தனை கலரு என்றால், எனக்குத் தெரியுமே என்கிறாள்.

போன மாதம் ஜீப்பில் அதிகாரி வந்தார். பந்தலில் பட்டியல் பார்த்தவர் இல்லை, வேறொரு சின்ன வயசுக்காரர், ஷூ போட்டவர். ரிஜிஸ்டரைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாதம் எத்தனை ஜோடி சாக்ஸ் என்று கேட்டார். ஒன்றும் இல்லை. தொங்கவிட்டிருந்த உறைகளைப் பார்த்துவிட்டு, இது சாக்ஸே இல்லை, குதிகால் எங்கே, திட்டப்படி வேலை நடக்கவில்லை, மிஷினை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். நல்ல வேளையாக அன்று வேடியப்பன் வந்திருந்தார். மடமடவென்று வாரை அவிழ்த்துக் கட்டைக்காலை எடுத்து அதிகாரி காலடியில் வைத்தார், சிவப்பு உறையோடு மொட்டையை நீட்டினார். "இது சாக்ஸ் இல்லன்னா இன்னாங்க சார்? நீங்களே ஒரு பேரு வெச்சி எழுதிக்கினு போங்க" என்றார். அதிகாரி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், பார்க்க இடமில்லாமல் ரிஜிஸ்டரையே பார்த்தார். ஜோடிக் கணக்குத்தான் எழுத முடியும், ஒற்றையாக எழுதக் கட்டம் இல்லை என்று முனகினார். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். "அவருக்கு எடது, எனக்கு வலது. ரெண்டு பேரையும் சேத்து ஒரு ஜோடின்னு எழுதிக்கோங்க சார்" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார் அந்த மனிதர். மாதம் ஆறு ஜோடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மிஷின் இங்கேயேதான் இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா எங்கே, என்ன செய்கிறார் என்று கேட்டால் கால் போனதைச் சொல்ல வேண்டும், எப்படிப் போயிற்று என்பார்கள், கரும்பு வண்டியில் மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தது யார் என்பார்கள். அதற்குப் பதில் ஆளையே கொன்றுவிட்டால் கேள்வி அத்தோடு முடிந்தது, இல்லையா. கெட்டிக்காரன்தான். நானும் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன், ஒளிக்க மாட்டேன். கால் போனதற்கான கோபம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் உள்ள கோபம் எல்லாம் நீ ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் ரயில் ஏறியதற்கு. பாவாடை வந்து போன மறுநாள் உன் அப்பா தானாகவே பேசினார். டாக்டரிடமும் கரும்புக்காரரிடமும் அன்றைக்கே சொன்னதைத்தான் சொன்னார். ஓடை மேட்டில் வண்டி நின்றுவிட்டது, அவர் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார், சருகில் கால் வழுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. "மாட்ட அடிடா அடிடான்னு நான்தான் கத்தனேன். அவன் அடிச்சான். பொறந்ததுலேர்ந்து அவன் நான் சொன்னதக் கேட்டது அன்னிக்கி ஒரு நாளுதான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இதை நீ மூன்று முறை படி. பாவாடைக்கும் படித்துக் காட்டு, அவனாவது நாலு பேரிடம் சொல்லட்டும்.

நீ ஷூ போட்டு நிற்கிற வேலை என்பதால் உனக்கு ஒரு ஜோடி பின்னுகிறேன் என்று நாலு நாளாகப் போராடுகிறார். ஒரு வருடமாகக் குதிகாலே போடாமல் கை மறந்துவிட்டது. மூன்று முறை பிரித்துவிட்டார், ஒரு ஊசியும் ஒடிந்தது. உன் கால் என்ன அளவு என்று என்னைக் கேட்டார். வீட்டைவிட்டுப் போன கால், எவ்வளவு வளர்ந்ததோ எனக்கென்ன தெரியும் என்றேன். பொங்கலுக்கு லீவு இல்லை என்று மறுபடி எழுதினால் நான் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன். அங்கே ராத்திரி டூட்டியில் பனியில் நிற்காதே, வயிற்றுக்கு இரண்டு வேளையாவது அரிசிச் சோறு தின்னு, பாவாடையிடம் சண்டை போடாதே, அவன் சொன்னது உன் நல்லதுக்குத்தான். மாரியாத்தா உன் உடம்பைக் காக்கட்டும், முடிந்தால் நாக்கையும் கொஞ்சம் காக்கட்டும். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி நம் ஊர் பஸ் ஏறினால் போதும். எந்த நாள் வருகிறாய் என்று முன்னாலேயே எழுது, ஏனென்றால் பஸ் நிற்கிற இடத்துக்கு உன் அப்பா தானே நடந்து வருவாராம். மெதுவாகத்தான் வருவார். பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடிக்காதே, அவருக்குப் பிடிக்காது. வந்து சேருகிறவரை நின்ற இடத்திலேயே நில்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா காசியம்மாள்