ஜன்னலின் அகலம், உயரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஜோஆன். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

பேனர் கடையில், கணினியில் புதிய வெற்றுப் பக்கம் திறக்கக் கற்றுக்கொண்டேன். அகலம், உயரம் கொடுத்தால்தான் திறக்கும். கோயில் பேனருக்குப் பத்து என்று போட்டேன். அடியா அங்குலமா என்று பார்க்கவில்லை. சாண் நீளத்தில் அச்சாகி வந்தது. முதலாளி கன்னையா அங்கிள், "பரவால்ல லா, சாமி கிட்ட வந்து படிக்கட்டும்" என்று சிரித்தார்.

அறை வசதிதான். ஜன்னல் மட்டும் இல்லை. நம் சமையலறை ஜன்னலை அளந்து எழுதுங்கள். அதே அளவில் பக்கம் திறந்து, படம் அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வேன். படத்தைத் தங்கை எடுக்கட்டும்; நீங்கள் ஜன்னலுக்கு வெளியே நில்லுங்கள்.

அங்கிள் கூப்பிடுகிறார். அதிக நேரம் நிற்க வேண்டாம் அப்பா, முட்டி வலிக்கும்.

ஜோஆன்