மடைக் கயிறு

ஐப்பசி, செவ்வாய் இரவு

எங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறக்க இடுப்பில் கயிறு கட்டி மூழ்கிய ஒருவர், அந்தக் காலத்தில், மேலே வரவில்லை. ஊருக்காகத் தானே உயிரைக் கொடுத்துச் சாமியானார் என்பது மேலத்தெரு சொல்லும் கதை. கரையில் நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள் என்பது எங்கள் தெருக் கதை. நேற்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ முதல் கதையைப் போட்டார்கள். எரிச்சலில் நான் இரண்டாவதைப் போட்டேன். கொன்றுவிட்டுச் சாமியாக்கினால் சரியாகிவிடுமா என்றும் கேட்டேன்.

இன்று சாயங்காலம், பரவையில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கே மேலத்தெருக்காரர் ஒருவர் வந்தார். சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

"என்ன பாப்பா, வரலாறெல்லாம் எழுதுறியாம்ல? நாளைக்கு மடை தொறக்க ஒங்கப்பன்தானே முங்குறான்? இந்த வருசமும் கயிறு நாந்தான் பிடிக்கிறேன்."

அவர் போனபின் ஒரே பக்கத்தை நான்கு தடவை நகல் எடுத்துவிட்டேன்.

நாளைக்கு முங்கப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "நான் முங்கலன்னா நம்ம தெருவுலதான் இன்னொருத்தன் முங்கணும். நீ குரூப்புல போட்டதை அழிச்சிட்டுப் படு" என்றார்.

அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சரி என்கிறாரா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாரா?

அப்பா தூங்கிவிட்டார். விடிந்ததும் நானும் கரைக்குப் போகிறேன். கயிற்றில் என் கையும் இருக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளை தொடக் கூடாது என்பார்கள். சொல்லட்டும். அப்பாவின் எடையை என்னால் தாங்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.