தம்பி கலந்த ஒயின்

25 ஜூலை 1936, சனிக்கிழமை. குற்றாலம்.

பிரெஞ்சுக்காரத் துரை இன்று மாலை இறந்துபோனார். சாரலில் உடம்பு தேறும் என்று எஸ்டேட்டிலிருந்து இந்தப் பங்களாவுக்கு வந்தவர். பதினைந்து நாளாக நர்ஸாக இருந்து பார்த்துக்கொண்டேன். சாவு எதிர்பார்த்ததுதான். மத்தியானம் நடந்ததுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் திறக்கச் சொன்னார். பிரான்சில் அவர்கள் குடும்பத் தோட்டத்துச் சிவப்பு ஒயின். மூன்று வகைத் திராட்சை ஒயினை அளவு பார்த்துக் கலப்பது அவர் அப்பாவின் வேலை. அப்பாவுக்குப் பின் தம்பி கலந்தானாம்.

"ஒனக்குக் கலக்கத் தெரியாதுன்னு அவன்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் இங்க வந்தேன். மறுவருஷம் இதை அனுப்பினான். பன்னிரண்டு வருஷமாத் திறக்கல" என்றார்.

ஒரு வாய் குடித்தார். காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடந்ததால் ருசியே தெரியவில்லை. "நீ குடிச்சுச் சொல்லும்மா" என்று தம்ளரை நீட்டினார்.

நான் ஆயுசில் ஒயினைத் தொட்டதில்லை. குடித்தேன். தொண்டை எரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு தொரை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "அப்போ தப்பு எம்மேலதான்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு பேசவேயில்லை.

எல்லாம் முடிந்தபின் சமையல்கார அண்ணாச்சி புட்டியை முகர்ந்து பார்த்தார். "யம்மா, இது புளிச்சுக் காடியால்லா ஆயிருக்கு! நம்ம ஊரு வெக்கையில எப்பவோ கெட்டுப்போச்சு."

தம்பி எப்படிக் கலந்திருந்தானோ, இனி யாருக்கும் தெரியாது.

அவனுக்கு நான்தான் காகிதம் எழுதவேண்டுமாம். அண்ணன் குடித்தார், தப்பு தன்மேல்தான் என்றார் என்று எழுதுவேன். அது பொய்யில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை எழுதமாட்டேன்.